காலிப் பெட்டியின் எடை

என் செல்லச் சுண்டெலிக்கு அம்மா எழுதுவது. அப்பாவின் இடுப்புப் பிடிப்பைத் தவிர இந்த வீட்டில் எல்லாம் சுகமாகவே இருக்கிறது. நீயும் இருமல் நின்று, வேளைக்குச் சாப்பிட்டு, சுகமாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். தினமும் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் பேசினால் பக்கத்தில் அப்பா இருப்பார், அவர் காதில் விழுந்தது அரைமணி நேரத்தில் அவருடைய அக்கா காதில் விழும். அதுவும் போக, நீ "பாவம்மா, விடு" என்று ஒரு வார்த்தை சொல்வாய், நானும் விட்டுவிடுவேன். இந்த முறை விடுவதற்கு எனக்கு மனமில்லை. கூரியர்காரர் வியாழக்கிழமை காலையில் உன் கையில் சேர்த்துவிடுவதாகச் சொல்கிறார். அன்றைக்குத்தான் நாங்கள் உன் ஊருக்குக் கிளம்புகிறோம். நீ இதைப் பிரிக்கிற நேரத்தில் ஒன்று நான் விமான நிலைய வரிசையில் நின்றுகொண்டிருப்பேன், இல்லை வானத்தில் இருப்பேன். போனை அணைத்துத்தான் வைத்திருப்பேன், கூப்பிட்டுப் பார்க்காதே.

மூன்று வருடத்துக்கு முந்தைய அந்தக் காலையை மறந்துவிட்டதாக நீ சொல்கிறாய். நான் மறக்கவில்லை. நமக்குப் புதுப் பெட்டி வாங்க வழியில்லாதபோது உன் அத்தைதான் "எங்க வீட்டுல சும்மாதான கெடக்கு, எடுத்துட்டுப் போங்க" என்று அந்த நீலப் பெட்டியைக் கொடுத்தார். விமான நிலைய வாசல் வரிசையில் உனக்கு முன்னால் இரண்டே பேர் இருக்கும்போது அது வாயைப் பிளந்தது. உன் உள்பாவாடையும் புத்தகங்களும் மாத்திரைப் பொட்டலமும் முன்பின் தெரியாதவர்களின் செருப்புக் கால்களுக்கு நடுவே கிடந்தன. நாம் இரண்டு பேரும் முழங்காலில் நின்று பொறுக்கினோம். அத்தை நின்ற இடத்தில் நின்றபடி, ஐம்பது பேர் காதில் விழுகிற மாதிரி, "படிச்சு என்ன பண்ண, ஒரு பெட்டிய மூடத் தெரியல பாரு" என்று சிரித்தார். நீ டேப் சுற்றிய பெட்டியைத் தள்ளிக்கொண்டு கண்ணைக்கூடத் துடைக்காமல் உள்ளே போனாய், உன்னைக் கட்டிப் பிடித்து வழியனுப்ப எனக்கு நேரம் கிடைக்கவில்லை. அதற்கப்புறம் எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் அந்தக் கதைதான், சொல்லச் சொல்லச் சிதறிய துணியும் கூடிக்கொண்டே போகிறது. இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். பொறுக்கும்போது அந்த ஜிப்பை இழுத்து மூடுகிற ரன்னரைப் பார்த்தேன், இரண்டு பக்கமும் குறட்டின் பல் பதிந்திருந்தது. பை கம்பெனியில் செக்கிங் மேஜையில் பதினோரு வருடமாக உட்கார்ந்திருக்கிறவள் நான். தேய்ந்த ரன்னரைக் குறட்டால் நெருக்கிவிட்டால் பத்துத் தடவை பிடிக்கும், அப்புறம் கைவிட்டுவிடும். நெருக்கியவருக்கு அது கெட்டுப்போனது என்று தெரியாமலா இருக்கும்? தெரிந்தே கொடுத்தார், பிளந்ததும் பழியைத் தூக்கி உன் படிப்பின் மேல் போட்டார். என் பிறந்த வீட்டில் முதல் பட்டம் வாங்கியவள் நான், அதுவும் உன்னை மடியில் போட்டுக்கொண்டு தபாலில் படித்து வாங்கியது. அவர் படிப்பையே சொல்லிச் சிரித்தபோதுகூட எனக்கு வாய் வரவில்லை. நாலு பேர் பார்த்தால் என் நாக்கு உள்ளே போய் ஒளிந்துகொள்ளும், உனக்குத்தான் தெரியுமே.

இப்போது அதே அத்தை, உன் ஊரிலேயே இருக்கிற மகன் வீட்டில் பிறந்திருக்கிற பேத்தியைப் பார்க்க என்னோடு ஒரே விமானத்தில் வருகிறார். அவருக்கும் இதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். போன மாதம் வீட்டுக்கு வந்து, "ஏம்மா, நீ தெனமும் பெட்டியோடதான குடித்தனம் பண்ற, எனக்கும் ஒண்ணு பாத்துக் குடு" என்றார். சத்தியமாகச் சொல்கிறேன், கடைக்குப் போகும்போது என் மனதில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. துணிப் பெட்டியாக, நாலு சக்கரம் வைத்து, ஒரு கையால் தூக்குகிற கனத்தில் இருந்த ஒன்றை எடுத்துக் காட்டினேன். சக்கரத்தைத் திருப்பிக் காட்டினேன், கைப்பிடித் தையலை இழுத்துக் காட்டினேன். "இது என்ன, கரண்ட்டு மீட்டர் மாட்டுற டப்பா மாதிரி இருக்கு, சம்பந்தி வீட்டுல என்ன நெனப்பாங்க" என்று தள்ளிவிட்டு, தங்க நிறத்தில் பளபளக்கிற கெட்டிப் பிளாஸ்டிக் ஓட்டுப் பெட்டியின் முன்னால் போய் நின்றார். கடைக்காரர் தட்டிக் காட்டி, "இது விழுந்தா தரைதான்மா உடையும்" என்றார். அதை நம்பலாம், அவ்வளவு கனம். மூடிக்குள் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தேன், காலிப் பெட்டி மட்டும் ஐந்தே முக்கால் கிலோ. "கனமா இருக்கே அண்ணி" என்று ஒரு தடவை சொன்னேன். "தூக்குறது என் கை, உனக்கு ஏன் வலிக்குது?" என்றார், பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். நான் மூடியைச் சாத்திவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பெட்டி கட்டுவதற்கு என்னை அவர்களுடைய மளிகைக் கடைக்கு வரச் சொன்னார். சாக்கு மூட்டைகளுக்கு நடுவே பெரிய தராசு, அதுதான் அவர்களுக்கு எல்லாம். அத்தை என்ன செய்தார் தெரியுமா, காலிப் பெட்டியைத் தராசில் ஏற்றி, பொத்தானை அழுத்திப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்தார். அப்புறம்தான் சாமான்களை அடுக்க ஆரம்பித்தார். முப்பது வருடமாக டப்பாவின் எடையைக் கழித்துவிட்டே பருப்பும் சர்க்கரையும் நிறுத்துப் பழகிய கை, அது வேறு எப்படிச் செய்யும்? போர்வை, எவர்சில்வர் பாத்திரம், மூன்று ஜோடி செருப்பு, சட்டம் போட்ட குடும்பப் படம், எல்லாம் வைத்து முப்பது வந்ததும் நிறுத்தினார். அவருடைய மகன் போனில் முப்பது கிலோ என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறான், பெட்டியோடு சேர்த்து என்று சொல்லவில்லை, அது யாருக்கும் தெரிந்ததுதானே என்று நினைத்திருப்பான். "பாத்தியா, ஒரு கிராம் கூடல கொறையல, நாங்க யாவாரிங்க" என்று என் தோளில் தட்டினார். அப்பாவும் அங்கேதான் இருந்தார், அவர் டீ வாங்கி வருவதில் மும்முரமாக இருந்தார். பெட்டியையும் சேர்த்துத்தான் முப்பது என்று நான் ஒரே வாக்கியம் சொன்னால் போதும். அந்த வாக்கியம் தொண்டை வரைக்கும் வந்தது, நான் விழுங்கிவிட்டேன். அன்றைக்கு என்னைப் பேசவிடாமல் செய்த அதே கூச்சம்தான் என்று என்னையே ஏமாற்றிக்கொள்ள மாட்டேன். இது கூச்சமில்லை. ஒன்றே ஒன்று செய்தேன், பேத்திக்கு வைத்திருந்த குட்டிச் சட்டைகளையும் கம்பளித் தொப்பியையும் மட்டும் "என் பெட்டியில வச்சுக்கிறேன் அண்ணி" என்று வாங்கிக்கொண்டேன். அந்தக் குழந்தை நமக்கு என்ன செய்தது? அத்தை அதை நான் காட்டும் பணிவு என்று நினைத்து, தலையை ஆட்டிக்கொண்டு, அந்த இடத்தில் இன்னொரு பாத்திரத்தைச் செருகினார்.

வரிசையில் என்ன நடக்கும் என்று எனக்கு முன்கூட்டியே தெரியும், உன் அப்பாவோடு இருபத்திரண்டு வருடம் வாழ்ந்தவள் இல்லையா. ஐந்தே முக்கால் கிலோ கூடுதல் என்று பெட்டியை எடை போடுகிற பெண் சொன்னதும், கூடுதல் எடைக்குப் பணம் கட்ட அத்தைக்கு மனசு வராது. உடனே அப்பா கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து, "உன் பெட்டியிலதான் எடம் இருக்குமே, அக்காவோடத வச்சுக்க" என்று கையைக் காட்டுவார். அதனால் என் பெட்டியில் இடம் வைக்கவில்லை. அத்தை தள்ளிவிட்ட அதே மீட்டர் டப்பாவை எனக்கு வாங்கிக்கொண்டேன், கம்பெனியின் கொக்கித் தராசில் பெட்டியோடு தொங்கவிட்டு இருபத்தொன்பதே முக்கால் வரைக்கும் நிரப்பிவிட்டேன். உனக்குக் குளிருக்கு இரண்டு போர்வை, நீ கேட்ட தலையணை உறை, நீ கேட்காத பத்து ஜோடி காலுறை, உன் பழைய அகராதி. அகராதி எதற்கு என்று கேட்காதே, அது இரண்டு கிலோ. கையில் வைத்துக்கொள்ளும் பை விஷயத்திலும் அப்படித்தான். கடைக்காரர் முதுகில் மாட்டுகிற பெரிய பையைக் காட்டினார், ஆறு அறை, தண்ணீர் பாட்டிலுக்குத் தனி இடம், ஆசையாகத்தான் இருந்தது. அதை வாங்கினால் அத்தையின் செருப்பும் பாத்திரமும் என் முதுகில்தான் ஏறும். அதனால் தோளில் குறுக்காகப் போடுகிற சின்னப் பையாக எடுத்தேன், பாஸ்போர்ட், கண்ணாடி, மாத்திரை, ஒரு கைக்குட்டை, அவ்வளவுதான் பிடிக்கும். அப்பா பார்த்துவிட்டு, "இது என்ன பொம்மைக்கு வாங்குன பையா?" என்று கேலி செய்தார். ஜிப் நன்றாக இருக்கிறது, அறுபது தடவை இழுத்துப் பார்த்துவிட்டேன்.

ஆனால் சுண்டெலி, இரண்டு நாளாக எனக்குத் தூக்கம் சரியில்லை, மனசு உறுத்துவதால் இல்லை. அத்தை அங்கே தரையில் பெட்டியைத் திறந்துபோட்டுச் சாமான்களை எடுத்து அப்பாவிடம் திருப்பிக் கொடுப்பார், கொஞ்ச நேரம் முகம் சிவந்திருக்கும், அப்புறம் மகனைத் திட்டுவார், தராசைத் திட்டுவார், தன் நேரத்தைத் திட்டுவார். என்னை மட்டும் திட்ட மாட்டார், எனக்குத் தெரிந்திருக்கும் என்றே அவருக்குத் தோன்றாது. அது எனக்குப் போதவில்லை. விமானத்தில் எங்களுக்கு அடுத்தடுத்த இருக்கை, ஒன்பது மணி நேரம். பெல்ட்டைப் போட்டுக்கொண்டு எழுந்து போக முடியாமல் அவர் உட்கார்ந்திருக்கும்போது, திரும்பி அவர் முகத்தைப் பார்த்து, "காலிப் பெட்டி எவ்வளவு கனம்னு எனக்குத் தெரியும் அண்ணி, தெரிஞ்சுதான் சொல்லல, நீங்களும் ரன்னர் கெட்டதுன்னு தெரிஞ்சுதான குடுத்தீங்க" என்று சொல்ல வேண்டும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவரிடம் இவ்வளவு நீளமாக நான் பேசியதில்லை. பாத்திரம் கழுவும்போது குழாயைத் திறந்துவிட்டுச் சத்தமாகச் சொல்லிப் பழகுகிறேன். நேற்று "ரன்னர்" வரைக்கும் குரல் நடுங்காமல் வந்தது.

உடம்பைப் பார்த்துக்கொள், ராத்திரியில் ஈரத் தலையோடு படுக்காதே. நீ எடுத்த காரியமெல்லாம் தடங்கலில்லாமல் நடந்து, யார் முன்னாலும் குனியாமல் நூறு வருடம் நன்றாக இருக்க வேண்டும். அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், அவருக்கு இந்தக் கடிதத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாது. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, எங்களை அழைக்க வரும்போது கண்ணாடிக் கதவுக்கு நேராக நில். நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் வெளியே வருவோம். என்னிடம் எதுவும் கேட்காதே, முதலில் அத்தையின் முகத்தைப் பார். நான் சொன்னேனா இல்லையா என்று உனக்கே தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
உன் மேல் உயிரை வைத்திருக்கும்
அம்மா