பஸ் லிஸ்ட்டில் என் கையெழுத்து

ஜூலை 17, வியாழன்.

பத்தாம் வகுப்பில் இன்று யூதர் இனப்படுகொலைப் பாடம். கொன்றவர், உடந்தையாக இருந்தவர், வேடிக்கை பார்த்தவர் என்று போர்டில் எழுதி விளக்கினேன். முத்துச்செல்வி எழுந்தாள். "டீச்சர், பேரை மட்டும் பிரிச்சு எழுதிக் குடுத்தவங்க இதுல எதுல வருவாங்க?"

"உடந்தைதான்" என்றேன், யோசிக்காமல்.

"நாளைக்குக் குற்றாலம் டூருக்கு ரெண்டு பஸ்ஸு. கையில கட்டிருக்க சாதிக் கயித்துக் கலரைப் பாத்துப் பிரிச்சிருக்கு. லிஸ்ட்ல இருக்கது உங்க கையெழுத்துதானே டீச்சர்?"

சண்டை வரக்கூடாதென்று ஹெட்மாஸ்டர் கேட்டார், எழுதிக் கொடுத்தேன். அதை அவளிடம் சொல்லாமல் போர்டை அழித்தேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். திட்டியிருந்தால்கூடத் தூங்கியிருப்பேன்.

காலை ஆறு மணிக்கு பஸ். பெயர் கூப்பிட்டு ஏற்ற வேண்டியதும் நான்தான்.