பிளக்கில் மஞ்சள் கறை

தம்பி திருக்குமரன்,

கேரவனில் ஏன் அடிக்கடி கரண்ட் போகிறது என்று பார்க்கப் பாதுகாப்பு பிளக்கை மீண்டும் கழற்ற வேண்டாம். நீங்கள் உள்ளே மீன் பொரித்த நாளிலிருந்து, வெள்ளிதோறும் வீட்டுக்குத் தெளிக்கும் மஞ்சள் தண்ணீரை அங்கும் தெளித்துவந்தேன். இன்று தெளித்தவுடனே அதன் சுவிட்ச் விழுந்து கரண்ட் நின்றது. பார்த்தால், பிளக்கின் துளைகளில் மஞ்சள் கறை. மின்வயரைப் பிடுங்கிவிட்டேன், நன்றாகக் காயட்டும்.

"உங்கட வயரிங் ஒருநாளும் சரிவராது" என்று உங்கள் அண்ணன் முன்னிலையில் சொன்னவள் நான். உங்கள் முகத்தைப் பார்க்கக் கூசி, எழுதிவைத்துவிட்டுக் கோயிலுக்குப் போகிறேன். அண்ணனிடம் நானே சொல்வேன்.

சோறும் பருப்பும் மேசையில் மூடியிருக்கின்றன. கேரவனில் போகவிருந்த தைப்பிங் பயணத்தை நிறுத்த வேண்டாம்.

மாமி

பி.கு.: நான் ஒளித்துவைத்த மீன்சட்டியைக் கழுவிக் கேரவனுக்குள் வைத்திருக்கிறேன்.