குடை யார் தலைக்கு

அன்பு மகன் அத்திஸுக்கு, பிரேயஸ் துறைமுகத்திலிருந்து அம்மா எழுதுவது. அத்தீனா தேவி புண்ணியத்தில் நானும் உன் தங்கை மெலித்தாவும் சுகம், தறி ஓடுகிறது, கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள உப்புமீன் இருக்கிறது. சினோப்பேயில் உன் உடம்பு எப்படி, வேலை எப்படி என்று கேட்க ஆயிரம் இருந்தாலும் இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நமக்குப் பொறுப்பு நிற்கிற பைனிப்போஸ் உனக்கும் ஆள் அனுப்புவார்.

தேவி திருவிழா ஊர்வலத்தில் அவர் மகளுக்குக் குடை பிடிக்க இந்த வருடம் நம் மெலித்தாவின் முறை. ஊர்க்காரர் வீட்டுப் பெண் கூடை சுமந்து முன்னால் போக, வந்தேறி வீட்டுப் பெண் பின்னால் குடை பிடிக்கிற வழக்கம் உனக்குத் தெரியாததா, நீயே அதே ஊர்வலத்தில் வந்தேறிப் பையன்களோடு கருஞ்சிவப்பு அங்கி போட்டுத் தேனடைத் தட்டுச் சுமந்தவன்தானே. வெயில் மண்டையைப் பிளந்திருக்கிறது. பாதி வழியில் அந்தப் பெண் திரும்பி, "நேராப் பிடிடி, உங்கப்பன் துடுப்புப் போட்ட மாதிரி தூங்கி வழியாத" என்றாளாம். இந்த ஊர்க் கப்பலில் துடுப்புப் போட்டுக் கடலோடு போன மனுஷனைச் சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்? நம்மவள் குடையைத் தன் தலைக்கு மேலே இழுத்துக்கொண்டு கோயில் வரைக்கும் நடந்திருக்கிறாள்.

மறுநாளே பைனிப்போஸ் வந்து வாசலில் குதித்தார். மெலித்தா அவர் மகள் காலில் விழ வேண்டுமாம், இல்லாவிட்டால் இனி நமக்குப் பொறுப்பு நிற்க மாட்டாராம். பொறுப்புக்கு ஊர்க்காரர் ஒருவர் இல்லையென்றால் நம்மைப் பிடித்து அடிமைச் சந்தையில் விற்றுவிடலாம் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும், "போய்ட்டு வாங்க ஐயா, உங்க நிழலே எங்களுக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். பக்கத்து வீட்டு மீன்காரர் சிமோன், உன் அப்பாவோடு ஒரே பலகையில் உட்கார்ந்து துடுப்புப் போட்டவர், செதிள் ஒட்டிய கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "நானும் ஊர்க்காரன்தானே தங்கச்சி, என் பேரைக் குடுக்கிறேன், ஆனா வழக்குன்னு வந்தா எனக்குப் பேசத் தெரியாது, கத்தத்தான் தெரியும்" என்றார். கத்தினால் போதும் அண்ணா என்றேன். நாளைக்கு அவர் பெயரைப் பதியப் போகிறோம்.

அதனால் மன்னிப்புக் கேட்டு நீ ஒரு வரி எழுதினாலும் எல்லாம் பாழ். பைனிப்போஸ் அனுப்பும் ஆள் வந்தால் வயிறாரச் சாப்பாடு போடு, பதில் மட்டும் கொடுத்தனுப்பாதே. அவர் வீட்டுக் குடையைக் கேட்டு இங்கேயும் ஆள் வந்தது. மெலித்தா தானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள், அவர் வீட்டு வாசல் வரைக்கும் விரித்துப் பிடித்தபடி.

தேவி உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல சரக்கும் கொடுக்கட்டும். அங்கேயும் வெயில் கடுமை என்கிறார்கள், தலையை மூடிக்கொண்டு நட.

இப்படிக்கு,
குடைக்காரியைப் பெற்றவள்,
உன் அம்மா ஆர்த்திமா