நீ உட்கார்ந்தும் இறங்காத வண்டி

இன்று காலை உன் தங்கை பேரனோடு கார் ஒர்க்‌ஷாப்புக்குப் போயிருந்தேன். பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் அவன் வண்டியின் முன்பக்கம் டக்டக்கென்று அடிக்கிறதாம். துணைக்கு வாங்க தாத்தா என்றான். எனக்கும் வீட்டில் வேலை ஒன்றுமில்லை. மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றி, உள்ளேயிருந்த பழைய புஷ்களை அடித்து வெளியே எடுத்து ஒரு தகரத் தட்டில் போட்டான். வெடித்துப்போன கறுப்பு ரப்பர் வளையங்கள். ஆயிலில் ஊறிக் காய்ந்த ரப்பருக்கு ஒரு வாடை உண்டு. அது மூக்கில் ஏறியதும் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். பையன் பயந்துபோய்த் தண்ணீர் வாங்கிவந்தான். “வெயில் ஒத்துக்கிடல” என்று சொல்லிவைத்தேன். உன் பெயரைச் சொன்னால் அவனுக்கு என்ன தெரியும்? ஒரு போட்டோவில் பார்த்திருப்பான்.

நம் வீட்டுக்கு அந்தச் சிவப்புக் கார் வந்ததே உன்னால்தான். புதுத் துறைமுக வேலைக்கு வந்திருந்த வெளிநாட்டு இன்ஜினியர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது அதை விற்கப் பார்த்தார். தரையோடு தரையாகக் கிடக்கும் ஸ்போர்ட்ஸ் கார். மேலே மடக்குகிற துணிக்கூரை, உள்ளே இரண்டே இருக்கை. துறைமுக ஒர்க்‌ஷாப்பில் நாள் முழுக்கப் படகு இன்ஜின்களோடு மல்லுக்கட்டுகிறவன் நான். சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன். நீ பள்ளிக்கூடம் விட்டு நேரே அங்கே வந்தாய். சேலைத் தலைப்பில் சாக்பீஸ் தூள். கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துகொண்டு, “இத வாங்கிருவமா?” என்றாய்.

“ரெண்டு பேருதான் உட்கார முடியும்ளா.”

“நாம எத்தன பேரு?”

கல்யாணமாகிப் பல வருஷம் ஓடியிருந்தது. குழந்தை இல்லாததைப் பற்றி நீயும் பேசமாட்டாய், நானும் கேட்கமாட்டேன். நாசரேத்திலிருந்து வந்த உன் அம்மா காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, “நாளைக்குப் பிள்ள குட்டின்னு வந்தா எங்கன உட்கார வைப்பிய?” என்றார்கள். “அப்ப லாரி வாங்கிக்கிடுதோம்மா” என்றாய் நீ. அம்மாவே சிரித்துவிட்டார்கள்.

அதன் பிறகு கோயிலில் ஆராதனை முடிந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நாம் வீட்டில் இருந்ததே இல்லை. மீன் வாங்குகிற சாக்கில் பெரியதாழை வரை போவோம். தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, கூரையை மடக்கச் சொல்லிவிட்டு, உப்புக்காற்று முகத்தில் அடிக்க அடிக்க நீ பாடிக்கொண்டே வருவாய். உன் பாட்டு சுருதியில் நிற்காது. அதை நான் ஒருநாளும் சொன்னதில்லை.

மார்பில் கட்டி என்று ஆபரேஷன் ஆனது. ஒரு வருஷம் நன்றாக இருந்தாய். பள்ளிக்கூடத்துக்குக்கூடத் திரும்பப் போனாய். பிறகு இடுப்பு வலிக்கிறது என்றாய். பள்ளிக்கூட நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து வருகிற வலி என்று நானும் தைலம் தேய்த்தேன். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு என்னை மட்டும் வெளியே கூப்பிட்டார். எலும்புக்குப் போய்விட்டது என்றார். கதிர்வீச்சு, நம் ஊர்ப் பேச்சில் கரண்ட், வைத்தால் வலி குறையும். நோய்? அதைப் பற்றி அவர் பேசவில்லை.

கரண்ட் வைக்கிற ஆஸ்பத்திரி நாகர்கோவிலையும் தாண்டி இருந்தது. முதல் தடவை வாடகை கார் பிடித்தேன். பெரிய கார், மெத்தை போல் பின்சீட், நிதானமான டிரைவர். போய்வந்த மறுநாள் நீ சொல்லிவிட்டாய், இனிமேல் அது வேண்டாம் என்று.

“ஏன்ளா, நல்ல வண்டிதானே?”

“வண்டி நல்ல வண்டிதான். எனக்கு வழியெல்லாம் கத்தணும் போல வந்துச்சு. முன்னால ஒரு அந்நிய மனுஷன் உட்கார்ந்திருக்காரு. அவர் முதுகப் பாத்துக்கிட்டு எப்படிக் கத்துறது? நம்ம வண்டியில நாம ரெண்டு பேருதானே. அதுலயே போவோம். நான் பாட்டுக்குக் கத்திக்கிடுதேன்.”

அப்படித்தான் அந்த ஸ்போர்ட்ஸ் காரில், மாட்டு வண்டியின் வேகத்தில், ஆறுமுகநேரி உப்பளங்களையும் சாத்தான்குளத்துப் பனங்காடுகளையும் தாண்டிப் போகத் தொடங்கினோம். உன் இருக்கையைப் பின்னால் சாய்த்து, இரண்டு தலையணை வைத்து, இடுப்புக்கு ஒரு போர்வையைச் சுருட்டி வைத்திருந்தேன். சாலையா அது? ஒவ்வொரு பள்ளத்திலும் முன்சக்கரம் டக்கென்று அடிக்கும். அந்த அடி அப்படியே தரைத்தகடு வழியாக உன் எலும்புக்குப் போகும். “அம்மா” என்பாய். “யேசப்பா” என்பாய். சில பள்ளங்களில் வெறும் சத்தம்தான் வரும், சொல் இருக்காது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அடுத்த பள்ளத்தைத் தேடிக்கொண்டிருப்பேன். வேறு என்ன செய்ய முடியும் என்னால்?

திரும்பி வந்ததும் காருக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். சக்கரத்தைத் தாங்குகிற இரும்புக் கைகள் சேசிஸ் என்கிற அடிச்சட்டத்தோடு சேருமிடங்களில் ரப்பர் புஷ் இருக்கும். அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது அதுதான். கடற்கரையிலேயே நின்று நின்று எல்லாம் கல்லாகிப் பிளந்து கிடந்தது. சில இடங்களில் ரப்பரே இல்லை. இரும்பும் இரும்பும் மோதிக்கொண்டிருந்தன. உனக்கு இதைச் சொன்னால் விநோதமாக இருக்கும். அதைக் கண்ட நிமிஷம் எனக்கு ஏறக்குறைய சந்தோஷமாக இருந்தது. டாக்டர் காட்டிய படத்தில் நான் செய்ய ஒன்றுமில்லை. இங்கே இருந்தது.

வெளிநாட்டுச் சாமான் கிடைக்காத காலம். டவுனில் உதிரிப்பாகம் விற்கிற அண்ணாச்சி, நம் ஊர்க் கார் ஒன்றின் புஷ்களை எடுத்துப் போட்டார்.

“சைஸு கொஞ்சம் கூடத்தான் இருக்கும், சார். இத விட்டா இங்கன வேற கெடையாது. வீட்டுல எப்படி இருக்காவ?”

“இருக்கா, அண்ணாச்சி.”

புஷ்களைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். சாப்பாட்டு நேரத்தில் அவற்றைத் துறைமுக ஒர்க்‌ஷாப் லேத்தில் மாட்டி, மேலே இருந்த இரும்புக் கூட்டை அளவுக்குக் கடைந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலுக்குப் போகாமல் வேலை பார்த்தேன். அப்போது கோயிலில் எல்லோரும் உனக்காக ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். நான் முற்றத்தில் சாக்கை விரித்து மல்லாந்து கிடந்தேன். துருவேறிய போல்ட் ஒன்று அசையவே இல்லை. மண்ணெண்ணெய் ஊற்றினேன், சூடு காட்டினேன், கடைசியில் சுத்தியலால் அடித்ததில் கட்டைவிரல் நசுங்கியது. நான் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். ஜன்னலோரக் கட்டிலிலிருந்து நீ, “கெட்ட வார்த்தை ஒண்ணும் வரலியே, இன்னைக்கு ஞாயித்துக்கிழமை” என்றாய். புது ரப்பருக்குச் சோப்புத் தண்ணீர் தடவி, நீண்ட போல்ட்டையும் நட்டையும் போட்டுத் திருகித் திருகி ஒவ்வொன்றாக உள்ளே இழுத்தேன். நன்றாகத்தான் உட்கார்ந்தன.

கடைசி இறுக்கம் மட்டும் வண்டி ஆள் கனத்தோடு நிற்கும்போதுதான் செய்ய வேண்டும். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கிவிட்டால், பிறகு ஆள் ஏறியதும் ரப்பர் முறுக்கிக் கிழிந்துவிடும். ஜாக்கியை இறக்கிச் சக்கரங்களைத் தடிமனான கட்டைகள் மேல் நிறுத்தினேன். என் இருக்கையில் அரிசி மூட்டையைத் தூக்கி வைத்தேன். உன் இருக்கைக்கு வைக்க வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தபோது, சுவரைப் பிடித்துப் பிடித்து நீயே வந்துவிட்டாய்.

“நான் உட்காருதேன். என் சீட்டுல நான்தானே உட்காரப் போறேன்?”

உன்னைத் தூக்கி உட்கார வைத்துவிட்டு அடியில் போனேன். மூட்டை இருந்த பக்கம் ஸ்பிரிங் இறங்கியிருந்தது. உன் பக்கம் இறங்கவில்லை. நீ ஏறினால் அந்தக் கார் ஒரு பக்கம் நன்றாகச் சாயும். அதைச் சொல்லி எத்தனை தடவை உன்னைக் கேலி செய்திருக்கிறேன். இப்போது, ஆளே ஏறாத வண்டி மாதிரி நின்றது. சக்கரத்துக்கும் அதன் மேல்தகட்டுக்கும் நடுவில் மூன்று விரல் இடைவெளி அப்படியே இருந்தது. நான் ஸ்பானரைப் பிடித்தபடி அந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

“இறங்குச்சா?” என்று மேலிருந்து கேட்டாய்.

“இறங்குச்சு” என்றேன்.

“குண்டுதான் நான், இன்னும்” என்றாய்.

கண்ணில் தூசி விழுந்தது என்று சொல்லி வெகுநேரம் அடியிலேயே கிடந்தேன். பிறகு இறுக்கினேன்.

அடுத்த தடவை போனபோது நீ கத்தவில்லை. ஆறுமுகநேரிக்கு முன்னால் இருந்த பெரிய பள்ளத்தில் டக் என்ற சத்தமும் இல்லை, உன் சத்தமும் இல்லை. திரும்பிப் பார்த்தேன். கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாய். “பரவாயில்லையா?” என்றேன். “ஒண்ணுமே தெரியல” என்றாய். அன்று நான் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே ஓட்டினேன். புஷ்ஷைப் பற்றி, லேத்தைப் பற்றி, பின்பக்கத்துக்கும் போட்டுவிட்டால் இன்னும் மெத்தென்று போகும் என்பதைப் பற்றி. நீ “ம்” கொட்டிக்கொண்டே வந்தாய்.

ஆஸ்பத்திரியில் உன்னைக் கட்டிலுக்கு மாற்றிய நர்ஸ் உன் கையைப் பிடித்தவள், விரித்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். உள்ளங்கைகள் இரண்டிலும் நகம் பதிந்து ரத்தம் கன்றியிருந்தது. “வழியில இவ்வளவு வலியா? ஒரு மாத்திரை கொடுத்துக் கூட்டிவரக் கூடாதா, சார்?” என்றாள். அவள் போகும்வரை காத்திருந்து உன்னைக் கேட்டேன்.

“எல்லாம் பொய்யா?”

“சத்தம் நின்னுட்டு. வலிதான் நிக்கல.”

“சொல்லியிருக்கலாம்லா?”

நீ உள்ளங்கைகளை மூடிக்கொண்டு, “நீங்க தரையில கெடந்து, வெரல நசுக்கிக்கிட்டு அவ்வளவு செஞ்சிய. அதுக்குப் பொறவு நான் எப்படிக் கத்த? கத்துனா உங்க மூஞ்சிய யாரு பாக்க?” என்றாய்.

உன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நீ கத்துவதற்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே இடம் அந்தக் கார்தான். அதையும் நான் பழுது பார்த்துக் கெடுத்துவிட்டதாகத் தோன்றியது. நான் செய்தது எதுவும் தப்பில்லை என்றும் தெரிந்தது. இந்த இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

திரும்பி வருகிற நாளில், சாத்தான்குளம் தாண்டி ஆளில்லாத செம்மணல் மேட்டுத் தேரிப் பக்கம் வந்ததும் வண்டியை நிறுத்தினேன்.

“ஏளா, கத்து.”

“சும்மா ஓட்டுங்க.”

“நீ கத்தலேன்னா நான் கத்துவேன்.”

“உங்களுக்கு என்ன வலி?” என்று கேட்டாய். கேட்ட பிறகு என் முகத்தைப் பார்த்தாய்.

வண்டியை எடுத்தேன். அடுத்த பள்ளத்தில் நான் வாயைத் திறந்து, தொண்டை கிழியக் கத்தினேன். நீ திடுக்கிட்டுத் திரும்பினாய். அதற்கடுத்த பள்ளத்தில் நீயும் கத்தினாய். அதற்குப் பிறகு இரண்டு பேரும். கூரை மடக்கிய காரில், பனைமரங்களுக்கு நடுவில், பட்டப்பகலில். எதிரே வந்த லாரிக்காரர் வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் குதித்து ஓடிவந்தார்.

“அண்ணாச்சி! பிரேக் புடிக்கலியா?”

“பிரேக்கெல்லாம் நல்லாத்தான் இருக்கு” என்றேன்.

“பொறவு என்னத்துக்குக் கத்துதிய?”

நீதான் பதில் சொன்னாய். “வலிக்கி, அண்ணாச்சி. அதான்.”

அவர் உன்னைப் பார்த்தார், தலையணைகளைப் பார்த்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார். “கத்துங்கம்மா. நல்லா கத்துங்க. இங்கன யாரு இருக்கா” என்று சொல்லிவிட்டு, நாம் போகும்வரை அங்கேயே நின்றார். உனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தாலும் வலித்தது. அதற்கும் ஒரு சத்தம் போட்டாய்.

இன்னும் சில தடவை போனோம். பிறகு டாக்டரே வரவேண்டாம் என்றார். ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு பிற்பகல், உன் தங்கை உன் உதடுகளைத் தண்ணீரால் நனைத்துக்கொண்டிருந்தபோது நீ போய்விட்டாய். நான் அறையிலேதான் இருந்தேன். இருந்தேன் என்பதைத் தவிரச் சொல்ல ஒன்றுமில்லை. காரை ஒரு பல் டாக்டர் வாங்கிக்கொண்டு போனார். அவர் மனைவி முன்சீட்டில் ஏறியபோது வண்டி அந்தப் பக்கம் இறங்கியது. நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

போன வருஷம் முழங்காலுக்காக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். பக்கத்துக் கட்டிலில் மாப்பிள்ளையூரணிக்காரர் ஒருவர், காலில் பாரம் விழுந்து எலும்பு நொறுங்கியவர். கட்டுப் பிரிக்க வந்தார்கள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நடுங்கினார். “கத்தாதிய, எல்லாரும் பாக்காவ” என்று அவர் மனைவி கெஞ்சிக்கொண்டிருந்தாள். “கத்தட்டும்மா” என்றேன். “எங்களுக்கு ஒண்ணும் இல்ல, கத்தட்டும்.” அவர் என்னைப் பார்த்துவிட்டுக் கத்தினார். வார்டே திரும்பிப் பார்த்தது. அவர் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

நான் அவர் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். பார்வையை விலக்கவில்லை. உன்னிடமிருந்து கற்றுக்கொண்டதில் அவ்வளவுதான் எனக்கு வருகிறது. அதுவும் முழுதாக வரவில்லை. அவர் கத்தி முடித்த பிறகுதான் கவனித்தேன், என் கட்டில் கம்பியில் தளர்ந்திருந்த ஒரு நட்டை என் விரல்கள் இறுக்கிக்கொண்டே இருந்திருக்கின்றன.