என் வார்த்தையும் அவன் வாயும்

ஜூன் 4

நாங்கள் கட்டும் மருத்துவமனை வாசலில் சாய்தளம், என் வரைபடத்தில் இல்லாத செங்குத்தில் எழும்பி நிற்கிறது. சக்கர நாற்காலி ஏறாது. நோயாளி என்ன, மலையேறவா வருகிறான்? உடைக்கச் சொன்னேன். மேஸ்திரி என்னைத் தாண்டிப் பார்த்தார். "இரு பாப்பா, சார் சொல்லட்டும்."

அந்தக் கட்டடத்தை வரைந்தவள் நான். சார் என்பது சோடாபுட்டி, என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவன். நான் சொன்னதையே அவன் திருப்பிச் சொன்னான். "சரிங்க சார்." உடனே கடப்பாரை வந்துவிட்டது.

திரும்பும் வழியில், "பேசாம உனக்கு நான் டப்பிங் குடுக்குறேன். வேலையாவது நடக்கும்" என்றான்.

சிரித்தேன். ஏன் சிரித்துத் தொலைத்தேன்?

ஜூன் 19

நடக்கிறது. அவன் காதில் நான் போடுவேன். எல்லார் காதிலும் அவன் போடுவான்.

ஜூலை 2

"இது அவங்க யோசனை" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லத்தான் செய்கிறான். கேட்பவர்களுக்கு அது அவனுடைய பெருந்தன்மை. "தங்கமான பையன்" என்கிறார் பாஸ். அப்போ நான் என்ன, பித்தளையா?

ஜூலை 10

அலுவலகத்தில் சமத்துவக் கூட்டம். தலைப்பு, பெண் கட்டடக்கலைஞர்களுக்குத் துணைநிற்பது எப்படி. பேசியவன் சோடாபுட்டி. ஸ்லைடு செய்தவள் நான். ஒரே கைதட்டல்.

அம்மாவிடம் புலம்பினேன். "யார் வாயில வந்தா என்னடி, வேலை ஆகுதுல்ல?"

மருத்துவமனை சைட் பொறுப்பு யாருக்கு என்று இந்த மாதம் முடிவாகப்போகிறதே அம்மா! அது எனக்கு வேணும். அதில் ஒவ்வொரு கோடும் என்னுடையது.

ஜூலை 21

அவனுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

"சைட்ல அவன் பேச்சுதாம்மா எடுபடுது. நீ டிராயிங்ல புலி" என்றார் பாஸ். புலியாம். கூண்டில் அடைத்துவிட்டு என்ன புலி?

சோடாபுட்டி என் மேசையருகே வந்து நின்றான். "உன் பேரைத்தான் சொன்னேன், சத்தியமா. அவரு கேக்கல."

"'எனக்கு வேண்டாம்'னு நீ சொன்னியா?"

கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தான்.

ஆகஸ்ட் 5

சைட்டிலிருந்து அழைத்தான். மாடிப்படி ஏறும் இடத்தில் பீம் தலையில் இடிக்கிறதாம். பின்னால் காங்கிரீட் மிக்சர் இரைச்சல். குரலைத் தாழ்த்தி, "மேஸ்திரி நிக்கிறாரு. என்ன சொல்லட்டும்?" என்றான்.

"ஸ்பீக்கர்ல போடு. நானே சொல்றேன்."

"இங்க எல்லாரும் இருக்காங்க..."

"அதுக்குத்தான்."

யாரிடமோ சத்தமாகச் சொன்னான்: "ஒண்ணுமில்ல, வீட்லேருந்து." வைத்துவிட்டான்.