முதலில் விரலைக் குத்து

இன்று காலை ஏரிக்கரை ஓட்டல் கூடத்தில் குத்துவிளக்கு ஏற்றினார்கள். சர்க்கரை நோய் சிகிச்சை பற்றி டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் நடக்கிற தொடர் மருத்துவக் கல்வி வகுப்பு. அதற்கும் விளக்கு இல்லாமல் ஆகாது. திரி பற்றவில்லை என்று யாரோ ஒரு கற்பூரத் துண்டை அதன் மேல் வைத்துவிட்டார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் என் கை தானாக முஷ்டி பிடித்தது. பக்கத்தில் நின்ற சேலத்து டாக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு அடி தள்ளி நின்றார். அவர் செய்தது நல்லதுதான். கற்பூரம் வைத்த ஆள் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்திருந்தால் அறைந்திருப்பேன்.

நீ போன பிறகு என் வீட்டில் கற்பூரம் கொளுத்துவதில்லை. புகை ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். யாரும் நம்பவில்லை, ஆனால் என் வாய்க்குப் பயந்து யாரும் கேட்பதுமில்லை.

இந்த வகுப்பு உன்னுடையது. நீ உயிரோடு இருந்தபோது இதில் அரை மணி நேரம் உனக்கென்று ஒதுக்கியிருந்தார்கள். அது கிடைத்த கதை நினைவிருக்கிறதா? நாம் இரண்டு பேரும் ஒரே ஆஸ்பத்திரியில் நர்சு வேலைக்குச் சேர்ந்த புதிது. நீ தலைமுறை தலைமுறையாக மலையிலேயே வெள்ளாமை செய்கிற வீட்டுப் பெண். நான் கொட்டச்சேட்டில் காப்பி எஸ்டேட் கூலிக்காரர்களின் லைன் வீட்டில் பிறந்தவள். என் தாத்தா காலத்தில்தான் கீழிருந்து ஏறி வந்தோம். அதனால் கடைசி வரைக்கும் நான் உனக்குக் கீழ்நாட்டுக்காரி, நீ எனக்குக் காட்டுக்காரி.

அன்றைக்கு வகுப்பெடுத்த டாக்டர், சர்க்கரை மிகவும் தாழ்ந்துபோனால் வரும் அறிகுறிகளைத் திரையில் காட்டினார். வியர்வை, நடுக்கம், குழப்பம், எரிச்சல். நீ எழுந்து நின்றாய்.

"சார், எரிச்சல்னு போட்டிருக்கீங்க. எங்க பக்கம் கொடுவாளத் தூக்கிக்கிட்டு வருவாங்க. அதுக்கு என்னங்க செய்யறது?"

கூடம் சிரித்தது. அந்த டாக்டரும் சிரித்துவிட்டு, "நல்ல கேள்விங்க. அத நீங்களே எடுங்க" என்று மைக்கை உன் கையில் கொடுத்தார். நீ அதைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை.

உன் வகுப்பு என்றால் எனக்கு உடம்பு புண்ணாகிவிடும். நான்தான் உனக்கு நோயாளி. மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்து, சர்க்கரை சரிந்து, புத்தி தடுமாறி அடிக்க வருகிறவளாக நான் நடிக்க வேண்டும். இரண்டு நர்சுகள் என்னை அமுக்கிப் பிடித்து விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுக்க வேண்டும். முதல் முறை நான் ஒப்புக்குக் கையை ஆட்டினேன். உனக்குக் கோபம் வந்துவிட்டது.

"சும்மா ஆட்டாதடி. நெசமா அடி. இவங்க நாளைக்கி நெசமான அடி வாங்கப் போறவங்க."

நிஜமாகவே அடித்தேன். எனக்கு அதில் சந்தோஷம் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு முறை என் முழங்கை பட்டு ஒரு கிராம நர்சின் மூக்கில் ரத்தம் வந்தது. நீ பஞ்சைக் கொடுத்து, "வலிக்குதா கண்ணு? அதோடவே அவ விரலக் குத்து" என்றாய். அந்தப் பெண் அழுதுகொண்டே குத்தினாள். குடித்திருக்கிறான், பைத்தியம், பேய் என்று ஊர் ஆயிரம் பேர் வைக்கும், அதையெல்லாம் காதில் வாங்காதே என்பாய். "வேர்த்து நடுங்கி அடிக்க வந்தா மொதல்ல விரலக் குத்து, அப்பறம் பேரக் கேளு." அதுதான் உன் பாடம் முழுவதும்.

திருவிழா அன்றும் நீ அதைத்தான் செய்தாய்.

உன் ஊர்க் கோயில் திருவிழா. வெயில் காலம், மலை முழுக்கச் சுற்றுலாக் கூட்டம். ஆஸ்பத்திரி சார்பில் கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி முதலுதவிக் கூடாரம் போட்டிருந்தோம். காலையில் ஒருவன் நமக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தான். "வெயிலுக்குக் குடிங்க அக்கா" என்றான். உனக்கு ஏதோ ஒரு வகையில் தம்பி முறை. நீ அவன் தலையில் செல்லமாகக் குட்டினாய்.

உன் வெள்ளையன் பெரியப்பா மேல்தான் வருஷா வருஷம் சாமி வரும். மேளம் உச்சத்துக்குப் போகும்போது அவர் துள்ளி எழுவார். கையில் கோயில் கொடுவாளைக் கொடுப்பார்கள். விதைப்பு எப்போது, மகளுக்கு வரன் எப்போது என்று சனம் வரிசையில் நின்று கேட்கும். நீயும் உன் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டவள்தான். அவர் சொன்ன மாப்பிள்ளை இன்னும் வரவில்லையே என்று நான் கேலி செய்தால், "சாமியப் பேசாத" என்று என் வாயில் அடிப்பாய். அந்தச் சாமியை நீ நம்பினாய். இதை நான் எல்லோரிடமும் சொல்கிறேன். உன்னைச் சாமிக்கு ஆகாதவள் என்று சொன்னவர்களின் முகத்துக்கு நேராகவும் சொல்லியிருக்கிறேன்.

அந்த வருஷம் பெரியப்பாவுக்குச் சர்க்கரை கண்டுபிடித்து மாத்திரை கொடுத்திருந்தோம். மாத்திரை போட்டால் சாப்பிட்டே ஆக வேண்டும், விரதம் கூடாது என்று நீ படித்துப் படித்துச் சொல்லியிருந்தாய். அந்த மனுஷர் காலையில் மாத்திரையையும் போட்டார், விரதத்தையும் இருந்தார். டாக்டர் பேச்சையும் தட்டக்கூடாது, சாமி காரியத்திலும் குறை வைக்கக்கூடாது என்பது அவர் கணக்கு. எனக்கு இப்போது நினைத்தாலும் அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருக்கிறது.

மேளக்காரர்கள் இன்னும் மேளத்தின் தோலைத் தீயில் காட்டிக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அதற்குள் அவர் உடம்பு ஆடத் தொடங்கியது. "சாமி வந்துருச்சு" என்று கூட்டம் நெருங்கியது. பெண்கள் குலவையிட்டார்கள். தட்டு நிறையக் கற்பூரத்தைக் கொளுத்தி அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்கள். யாரோ கொடுவாளைக் கையில் கொடுத்தார்கள். அவர் அதைச் சுழற்றியதில் மேளக்காரர் ஒருவரின் கன்னம் உதடு வரைக்கும் கிழிந்தது. ரத்தத்தைப் பார்த்ததும், சாமி கோபமாக இருக்கிறது என்று சனம் தரையில் விழுந்து கும்பிட்டது.

நீ என் தோளைப் பிடித்தாய். "மேளமே இன்னும் அடிக்கலடி. சாமி அதுக்குள்ள எப்படி வரும்?"

அவ்வளவுதான், மருந்துப் பையோடு ஓடினாய். நான் உன் பின்னால் ஓடினேன். நீ நேராகப் போய் அவர் கையைத் தொட்டாய். "சில்லுன்னு இருக்குது" என்று கத்தினாய். நான் பின்னாலிருந்து அவர் முழங்கால் மடங்கும்படி உதைத்தேன். அவர் விழுந்தார், கொடுவாள் தெறித்தது, நான் அவர் மார்பின் மேல் ஏறி உட்கார்ந்தேன். அவர் என் மணிக்கட்டைக் கடித்தார். நீ விரலைக் குத்தினாய். கருவி எண்ணைக்கூடக் காட்டவில்லை, மிகத் தாழ்வு என்ற எழுத்துதான் வந்தது.

"பொம்பளைங்க சாமி மேல ஏறி உக்காந்துட்டாங்க" என்று ஒரு குரல் எழுந்தது. பிறகு எல்லாக் குரலும் எழுந்தது. என் முடியைப் பிடித்து இழுத்தார்கள். விலாவில் உதைத்தார்கள். நான் திருப்பி உதைத்தேன், ஒருவன் கையைக் கடித்தேன், அவர் மார்பை விட்டு மட்டும் எழவில்லை. நீ அவர் கை மேல் குப்புறப் படுத்து நரம்பைத் தேடினாய். ஊசி ஏறியது. அடர்த்தியான குளுக்கோஸ் தண்ணீரை அவசரமாக ஏற்ற முடியாது, நரம்பு புண்ணாகிவிடும். மெதுவாகத்தான் தள்ள வேண்டும். உன் முதுகில் அடி விழுந்துகொண்டிருந்தது, நீ மெதுவாகத்தான் தள்ளினாய். பிறகு ஒரு தடி உன் தலையில் இறங்கியது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. ஓங்கியவனையும் பார்த்தேன். காலையில் மோர் கொடுத்தவன்.

நீ ஊசியை எடுக்கவில்லை.

மருந்து முழுவதும் உள்ளே போன பிறகு பெரியப்பா கண்ணைத் திறந்தார். சுற்றிலும் பார்த்தார். "ஏஞ் சாமி, எல்லாரும் என்னையே பாக்கறீங்க? பசிக்குதே" என்றார். உன் வகுப்பில் இந்த இடத்தில் எல்லோரும் கைதட்டுவார்கள். அங்கே நேர்மாறாக நடந்தது. சாமி மலையேறிவிட்டார், இந்த இரண்டு பேரும் விரட்டிவிட்டார்கள் என்று பெண்கள் மாரில் அடித்துக்கொண்டார்கள். கல் வந்தது. உனக்குச் சொந்தக்காரி ஒருத்தியே உன் கன்னத்தில் அறைந்தாள். கடைசியில் பெரியப்பாவின் மனைவிதான் குறுக்கே வந்து நின்றார்.

"என்ற புருசன உசுரோட குடுத்திருக்காங்க. எட்டப் போங்க. இல்லீன்னா என்னக் கொன்னு போட்டுட்டு அவங்களத் தொடுங்க."

அதற்குப் பிறகுதான் கூட்டம் பின்வாங்கியது.

கூடாரத்துக்கு வந்ததும் உன் தலைமுடியை விலக்கிப் பார்க்க வந்தேன். என் கையைத் தட்டிவிட்டாய். ரத்தம் எதுவும் வெளியே வரவில்லை. "தேங்கா கெட்டி, ஒடையல" என்று சிரித்தாய். "நீ மேளக்காரருக்குத் தையல் போடு, அவருக்குத்தான் ஊத்துது." அந்த மாத்திரையின் வேகம் நாள் முழுக்க இருக்கும், கண் விழித்தவர் மறுபடி மயங்கிவிடுவார், சேலத்துக்குப் போகும் வரைக்கும் ஒருத்தி கூட இருந்து குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றாய். நீ சொன்னது சரி. ஆஸ்பத்திரி ஜீப்பில் பாட்டிலை மாட்டக் கொக்கி இல்லை. கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நீயே ஏறினாய். பெரிய ரோட்டில் சுற்றுலா வண்டிகள் நெருக்கியடித்ததால் குப்பனூர் போகும் இன்னொரு மலைப்பாதை வழியாக இறக்கினார்கள்.

மீதியை டிரைவர்தான் சொன்னார். "கொஞ்ச தூரம் எறங்கினதும் அம்மணி வாந்தி எடுத்தாங்க. வளைவுல எல்லாருக்கும் வர்றதுதானுங்களே. எலுமிச்சம்பழம் குடுத்தேன், மோந்து பாத்தாங்க. அப்பறம் பெரியவரு சம்சாரம் மடில சாஞ்சு தூங்கிட்டாங்க. அலுப்புல தூங்கறாங்கன்னு உட்டுட்டேனுங்க. பாட்டில அந்தம்மா வாங்கிப் புடிச்சுக்கிட்டாங்க."

நான் அவர் சட்டையைப் பிடித்துச் சுவரோடு மோதினேன். தலைமுறை தலைமுறையாக மலையிலேயே இருக்கிற வீட்டுப் பெண்ணுக்கு வளைவில் எப்படி வாந்தி வரும்? என்றைக்காவது வந்திருக்கிறதா? நம் பஸ்ஸில் கீழ்நாட்டுக்காரி நான்தான் வாந்தி எடுத்தபடி ஜன்னலில் தொங்கிக்கொண்டு வருவேன், நீ பக்கத்தில் உட்கார்ந்து நெய் முறுக்கு தின்பாய். அந்த மனுஷர் திருப்பி அடிக்கவில்லை, அழுதார். அவருக்கு என்ன தெரியும்? இந்த ரோட்டில் வாந்தி எடுக்காத வெளியூர் ஆளே இல்லை. ஜீப்பில் எப்போதும் எலுமிச்சம்பழம் இருக்கும். மண்டைக்குள் ரத்தம் கட்டினாலும் அதே வாந்திதான் வரும் என்று அவருக்கு யாரும் வகுப்பெடுக்கவில்லை.

சேலத்தில் இறக்கும்போது பெரியப்பா நடந்து இறங்கினார். உன்னைத் தூக்கி இறக்கினார்கள். நீ மறுபடி பேசவில்லை.

பெரியப்பா இன்றைக்கும் இருக்கிறார். சாமி ஆடுவதை விட்டுவிட்டார். என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்கிறார், நானும் சமாதானம் சொல்வதில்லை. மோர் கொடுத்தவன் மேல் கேஸ் நடக்கிறது. ஜாமீனில் இருக்கிறான். அவன் அம்மாவுக்கும் சர்க்கரைதான். இன்சுலின் வாங்க அவன்தான் வருகிறான். மருந்தை ஐஸ் பையில் வைத்து அவன் கையில் கொடுக்கிறேன். எப்படிப் போட வேண்டும், எப்போது சாப்பிட வைக்க வேண்டும் என்றும் சொல்லித் தருகிறேன். அந்த அம்மா என்ன பாவம் செய்தாள்? ஆனால் ஒவ்வொரு முறையும் அவன் விரல்களைப் பார்க்கும்போது அவற்றை ஒவ்வொன்றாக ஒடிக்க வேண்டும் என்று தோன்றுகிறது. காலம் போனால் இது தணியும் என்றார்கள். தணியவில்லை. தணிய வேண்டும் என்று எனக்கு ஆசையும் இல்லை.

இன்று உன் அரை மணி நேரத்தை நான் எடுத்தேன். சேலத்து டாக்டர் மாத்திரைகளைப் பற்றி, விரத காலத்தில் அளவை எப்படிக் குறைப்பது என்பதைப் பற்றி நன்றாகவே சொன்னார். அதற்குப் பிறகு நான் மேடை ஏறினேன். நோயாளியாக நடிக்க ஒரு தாட்டியான பையனைப் பிடித்தேன், நிஜமாக அடிக்கச் சொன்னேன். அமுக்கினார்கள், விரலைக் குத்தினார்கள், எல்லோரும் கைதட்டினார்கள். பாடம் முடிந்தது என்று எழப் போனவர்களை உட்காரச் சொன்னேன்.

"நோயாளி கண்ணத் தொறந்துட்டாரு. இப்ப பக்கத்துல இருக்கறவங்க தலையைப் பாருங்க. முடிய வெலக்கி, வெரல் வெச்சு, அமுக்கிப் பாருங்க. வேண்டாம்னு சொன்னாலும் உடாதீங்க."

முதலில் சிரித்தார்கள். பேன் பார்க்கிற மாதிரி இருக்கிறது என்று ஒருத்தி சொன்னாள். நான் நின்ற விதத்தைப் பார்த்துச் சிரிப்பு அடங்கியது. கூடம் முழுக்க, டாக்டரும் நர்சுமாக, ஒருவர் தலையில் ஒருவர் கை வைத்துத் தேடினார்கள். முன் வரிசையில் ஒரு சின்ன நர்சு எழுந்து, "உங்களுக்கு யாரும் இல்லீங்களேக்கா, நான் பாக்கட்டுங்களா?" என்றாள். மேடையிலேயே நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் கொண்டையை அவிழ்த்து, மேலாக இரண்டு தடவை தடவிவிட்டு, "ஒண்ணுமில்லீங்க்கா" என்று கையை எடுக்கப் போனாள்.

நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். அவளுக்கு வலித்திருக்கும்.

"மறுபடியும் பாரு" என்றேன்.