பேரரசன் போட்ட கையெழுத்து

ஜனவரி 9
இன்று ஒரு முழுப் பக்கத்தை நானாகவே படித்தேன், எழுபத்து நான்கு வயதில். நூலகத்தில் எனக்குப் படிக்கச் சொல்லித்தரும் நாடின் கைதட்டினாள். தினமும் எழுதச் சொல்லி இந்த நோட்டைக் கொடுத்தாள். ஒரு வரிக்குப் பத்து நிமிடம் ஆகிறது. சந்தோஷம்தான். இருந்தாலும் உள்ளே ஏதோ மரத்தே கிடக்கிறது.

ஜனவரி 13
எங்கள் முதியோர் குடியிருப்பின் பொது அறையில் நானும் டெல்மரும் வீடியோ கேம் ஆடினோம். கதையில் ஒரு பேரரசு, அதை எதிர்க்கும் மலைக்காரர்கள். நான் பேரரசின் கட்சி, அவன் மலைக்காரர் கட்சி. ஒருவன் ஆடும்போது மற்றவன் பக்கத்தில் உட்கார்ந்து திட்டுவான். ஒரு வருடமாக இதைத் தவிர நாங்கள் வேறெதுவும் பேசியதில்லை.

“மலைக்காரன் கோயிலையெல்லாம் உங்க பேரரசன் உடன்படிக்கை போட்டு வெளிநாட்டு எதிரிக்கு எழுதிக் குடுத்துட்டான். அவனுக்குப் போய் வாள் தூக்குறியே, வெக்கமா இல்ல?”

“சண்டை நின்னுச்சா இல்லையா?”

“நின்னுச்சு. உன் மூளையும் அன்னைக்கே நின்னு போச்சு.”

ஜனவரி 14
பனி. சாப்பாட்டுக்கு அவரை விதை, ரொட்டி. வேறொன்றும் இல்லை.

ஜனவரி 22
யாரிடமும் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். நான் பேரரசின் கட்சியில் சேர்ந்தது கொள்கையால் அல்ல. யாரோடு சேர்கிறாய் என்று திரையில் எழுத்தில் கேட்பார்கள். அப்போது எனக்குப் படிக்கத் தெரியாது. எப்போதும் முதலில் இருப்பதையே அமுக்கினேன். காரணங்களைப் பிறகு கண்டுபிடித்தேன்.

கேமுக்குள் அந்த உடன்படிக்கை ஒரு புத்தகமாக இருக்கிறது. பதினான்கு பக்கம். இரண்டு நாளில் படித்து முடித்தேன். டெல்மர் சொன்னது சரி. மோசமான உடன்படிக்கை.

பிப்ரவரி 3
“தோத்ததைக்கூட மன்னிக்கலாம்,” என்றான் டெல்மர். “எல்லாத்தையும் படிச்சுப் பார்த்துட்டுத்தான கையெழுத்துப் போட்டான்? அதான் ஆறல.”

“படிக்கத் தெரியாதவனா இருந்தா?”

“பேரரசனா? ஒளறாத, பெல்கி.”

மூலையில் கம்பளி பின்னிக்கொண்டிருந்த பக்கத்து அறை பெர்னிஸ் சிரித்தாள். டெல்மர் சிரிக்கவில்லை. அவன் பேசியது பேரரசனைப் பற்றித்தானா? நான் பேசியது?

பிப்ரவரி 4
நாங்கள் வேலை பார்த்த காகித மில்லில் ஒவ்வொரு டிசம்பரும், கிறிஸ்துமஸுக்கு இலவசமாகத் தரும் வான்கோழிக்குப் பெயர் எழுதும் பட்டியல் சுற்றி வரும். முப்பத்தைந்து வருடத்துக்கு முன் ஒரு டிசம்பரில் ஃபோர்மேன் ஒரு தாளை நீட்டினார். கையெழுத்து ஒன்று மட்டும் எனக்குப் போடத் தெரியும். போட்டேன். அது தொழிற்சங்கத்தைக் கலைக்கக் கேட்கும் மனு. சங்கம் போனது. அதன் செயலாளர் டெல்மர். அவன் வேலையும் போனது.

மில் வாசலில் நிறுத்திக் கேட்டான்: “நீயுமா?”

“எனக்குச் சரின்னு பட்டுச்சு,” என்றேன். எழுத்துத் தெரியாது என்று சொல்வதைவிட அது சுலபமாக இருந்தது.

இதை எழுத மூன்று மணி நேரம். அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அவனிடம் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 19
சொல்லவில்லை.

மார்ச் 2
சொல்லிவிட்டேன். அவன் ஆடிக்கொண்டிருந்தான்.

“நான் படிக்காமத்தான் போட்டேன்.”

“எதை?”

“மில்லுல. வான்கோழி லிஸ்ட்டுன்னு நெனச்சேன். எனக்கு எழுத்துத் தெரியாது, டெல்மர். போன வருஷம் வரைக்கும் தெரியாது.”

திரையில் அவன் ஆள் அசையாமல் நின்றான். ஓநாய்கள் வந்து கடித்தன. செத்துப்போனான்.

“அப்போ துரோகின்னு பேர் வாங்கினா பரவாயில்ல, படிக்காதவன்னு மட்டும் தெரியக் கூடாது. அதானே?”

“ஆமா.”

“முப்பத்தஞ்சு வருஷம்டா.”

கோட்டு மாட்டிக்கொண்டு போய்விட்டான். எனக்கு எதுவுமே தோன்றவில்லை. டிவியை அணைத்தேன்.

மார்ச் 3
வரவில்லை.

மார்ச் 11
வரவில்லை. சாப்பாட்டை அறைக்கே வாங்கிக்கொள்கிறான் என்றாள் பெர்னிஸ். “நீங்க ரெண்டு பேரும் இன்னும் அந்த ராஜாவுக்காகத்தான் அடிச்சுக்கிறீங்களா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

மார்ச் 29
ஆற்றில் பனிக்கட்டி உடைந்துவிட்டது. மதியம் டெல்மர் வந்தான். வணக்கம் இல்லை, ஒன்றும் இல்லை. சில தாள்களை என் மடியில் வைத்தான். பேங்கர் நகர ஆஸ்பத்திரியில் அவனுக்குக் கண் ஆபரேஷன். அதற்கான ஒப்புதல் தாள்கள்.

“என்ன போட்டிருக்குன்னு படி. கையெழுத்துப் போடணும்.”

“எனக்கு ரொம்ப நேரம் ஆகுமே.”

“நான் எங்க போகப்போறேன்?”

நான்கு பக்கம். பெரிய பெரிய வார்த்தைகள். சிலவற்றை மூன்று தடவை முயன்றேன். அவன் திட்டவில்லை, அவசரப்படுத்தவில்லை. கடைசிப் பக்கத்தில் நான் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டான்.

அவன் படிக்கும் கண்ணாடி சட்டைப் பையில்தான் இருந்தது.